அத்தை அடுப்படிக்கு வரமுடியாத தீபாவளி: பலகாரம் எதைச் செய்வது, எப்போது செய்வது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. வருடா வருடம் தீபாவளிப் பலகாரத்தை முன்னின்று செய்யும் உங்கள் அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இந்தத் தடவை அவரால் அடுப்பு முன்னால் நிற்க முடியாது. நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், பத்து வயதில் மகன், ஆறு வயதில் மகள். போன வருடம் நீங்கள் தனியாகச் சுட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்து போய்விட்டது. ஆகவே எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிடலாமா, வீட்டில்தான் செய்வதென்றால் எதை, எந்த நாளில் செய்வது என்கிறீர்கள். வாங்குவதா செய்வதா என்று கேட்டாலும், அத்தை உட்கார்ந்துவிட்டால் உங்கள் வீட்டுத் தீபாவளி வேறொன்றாக மாறிவிடுமோ என்ற கவலைதான் உங்கள் வரிகளில் தெரிகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: மாற வேண்டியதில்லை. நிற்கும் வேலை உங்களுக்கு, உட்கார்ந்து பார்க்கும் வேலை அவருக்கு என்று பிரித்துக்கொண்டால் போதும். பலகார வேலையில் பாதிக்கு மேல் உட்கார்ந்து செய்யக்கூடியதுதான்.

நான் கேட்டரிங் படித்தவள். கும்பகோணம் பக்கம் பல வருடமாகத் தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். அதனால் நான் சொல்லும் அளவும் பக்குவமும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கை. செட்டிநாட்டில் தீபாவளிக்கு வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும், திருநெல்வேலிப் பக்கம் சில வீடுகளில் உக்காரையும் இல்லாமல் விடியாது. உங்கள் அத்தையின் ஊர் வழக்கம் வேறாக இருந்தால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவும் பாகும் எண்ணெயும் நடந்துகொள்ளும் விதம் எல்லா ஊரிலும் ஒன்று. அந்த இடங்களில் நான் சொல்வதை நம்பலாம்.

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். அத்தை காலத்தில் ஏழெட்டு வகை செய்திருப்பார். அன்று வீட்டில் ஓரகத்தி, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று நான்கைந்து பேர் கை சேர்ந்திருக்கும். இன்று இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீட்டில் அதே பட்டியலை வைத்துக்கொண்டால், தீபாவளி அன்று நீங்கள் தூக்கக் கலக்கத்தில்தான் இருப்பீர்கள். என் கணக்கில் உங்களுக்கு நான்கு போதும்: அதிரசம், தேன்குழல், மாலாடு, லேகியம். நேரம் இருந்தால் சோமாசி. ஜாங்கிரியும் மைசூர்பாகும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஜாங்கிரி பிழிவது பழகிய கைக்கே சரியாக வரும். மைசூர்பாகு ஒரே ஆள் கண் எடுக்காமல் கிளற வேண்டிய பண்டம், பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள அதில் இடமே கிடையாது. கடையில் வாங்கும்போது எடைக்கு விற்கும் இனிப்புத் தட்டின் முன்னால் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 2020 அக்டோபர் 1 முதல் அது கட்டாயம். பால் இனிப்பைத் தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் வாங்குங்கள்.

அதிரசத்தை மட்டும் ஏன் விடக்கூடாது என்கிறேன் என்றால், உங்கள் வீட்டில் கேதார கௌரி நோன்பு உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நோன்புக்கு 21 அதிரசம் வைத்துப் படைப்பது பல வீடுகளில் வழக்கம். பழைய பண்டமும்கூட, விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் சாமிக்குப் படைப்பவற்றின் கணக்கில் அதிரசப்படி வருகிறது. முக்கியமாக, அதிரசத்தில்தான் உங்கள் அத்தையின் அனுபவம் தேவைப்படும் இடம் இருக்கிறது, அந்த இடம் அடுப்பில் இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் போன வருடம் பிரிந்ததற்கான காரணமும் அங்கேதான்.

மாவுப் பச்சரிசி அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதாகத் தட்டினால் 21-க்குக் குறையாது. புழுங்கலரிசி ஆகாது. கடையில் பாக்கெட்டில் வரும் காய்ந்த அரிசி மாவும் ஆகவே ஆகாது. போன வருடம் அதைத்தான் பயன்படுத்தினீர்கள் என்றால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயில் காட்டக்கூடாது. ஐப்பசி மழையில் வெயிலுக்கும் வழியிருக்காது, ஃபேன் காற்று போதும். அரிசியைத் தொட்டால் கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது, ஆனால் குளிர்ச்சி தெரிய வேண்டும். மழை நாளில் அதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலியுங்கள், அல்லது ஈர மாவுக்குத் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லில் கொடுங்கள். அரைத்த மாவைக் கையில் இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்தச் சோதனையை அத்தையிடம் விடுங்கள். அரைத்த மாவைக் காயவிடாமல் மூடி வையுங்கள். மாவு காய்ந்துவிட்டால், பாகு எவ்வளவு சரியாக வந்தாலும் அதிரசம் எண்ணெயில் மணல் மாதிரி உதிரும்.

அரைக் கிலோ அரிசிக்கு 350 முதல் 375 கிராம் வெல்லம். பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள். பளிச்சென்று மஞ்சளாகவோ வெளுத்தோ இருப்பதைத் தவிருங்கள், நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுக்க வைப்பது உண்டு. கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்கள், உப்புக் கரித்தால் வேண்டாம். அந்த வெல்லத்தில் பாகு சரியாகக் கூடாது. வெல்லம் நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடி கனமான பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள்.

இனிமேல் வருவதுதான் அத்தையின் இடம். சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வையுங்கள். பாகு பெரிய பெரிய குமிழாகக் கொதித்து, நுரை அடர்ந்து, கரண்டியிலிருந்து விழும்போது கனமாக விழத் தொடங்கியதும் தீயைக் குறைத்துவிட்டு, ஒரு சொட்டு எடுத்துப் போய் அந்தக் கிண்ணத்தில் விடுங்கள். முதலில் அது தண்ணீரில் கரைந்து கலங்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அது அடியில் படியும், ஆனால் விரலால் கூட்டினால் வழுகி ஓடும். அடுத்த சொட்டு விரலுக்குள் கூடி வரும், உருட்டினால் உருளும், எடுத்துத் தட்டில் வைத்தால் மெத்தென்று லேசாக அமுங்கி உட்காரும். அதுதான் அதிரசத்துக்கான உருட்டுப் பதம். இதைத் தாண்டி உருண்டை கெட்டியாகி, தட்டில் போட்டால் டக்கென்று சத்தம் வந்தால் அது பொரிவிளங்காய்க்கான பாகு, அதிரசம் கல்லாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு நிமிடம்தான் இருக்கும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 112-லிருந்து 115 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெல்லத்துக்கு வெல்லம் தரம் மாறுவதால் அந்த எண்ணைவிடப் பழகிய விரலையே நான் நம்புவேன். உங்கள் வீட்டில் அந்த விரல் இருக்கிறது. சொட்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொதிக்கும் பாகு எண்ணெயைவிட மோசமாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் கையில் கரண்டியைக் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஏலக்காயும் சுக்குப்பொடியும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். எல்லா மாவையும் கொட்டிவிடக் கூடாது. ஒரு கைப்பிடி மீதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படலாம். கிளறி முடிக்கும்போது மாவு தளர்வாக, இட்லி மாவைவிடக் கெட்டியாக, சப்பாத்தி மாவைவிட இளக்கமாக இருக்க வேண்டும். ஆறும்போது தானே இறுகும். இந்த இடத்தில் பயந்துபோய் மாவை அதிகம் சேர்ப்பதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்வது. மேலே நெய் தடவி, பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டி இரண்டு மூன்று நாள் வெளியிலேயே வையுங்கள். மாவு புளித்தால்தான் ருசி என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வளவு வெல்லம் உள்ள மாவில் பெரிதாகப் புளிப்பு ஏறாது. பாகின் ஈரம் மாவு முழுக்கச் சீராகப் பரவ நேரம் வேண்டும், அதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். காரணம் எதுவானாலும், அன்றே சுட்ட அதிரசத்துக்கும் மூன்றாம் நாள் சுட்டதற்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுடும் நாளில் முதலில் ஒன்றே ஒன்று தட்டிப் போட்டுப் பாருங்கள். கரைந்து பிரிந்தால் பாகு இளசு, அல்லது வெல்லம் கூடுதல். எடுத்து வைத்த ஈர மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். அது இல்லையென்றால் இரண்டு ஸ்பூன் கோதுமை மாவு காப்பாற்றும். தட்டும்போதே ஓரம் வெடித்தால், அல்லது வெந்தபின் கடிக்க முடியாமல் இருந்தால், பாகு முற்றிவிட்டது. வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் தெளித்துப் பிசைந்து ஒரு மணி நேரம் விடுங்கள். இந்த வைத்தியம் செய்த மாவை அன்றைக்கே சுட்டுவிட வேண்டும், திரும்ப எடுத்து வைக்கக்கூடாது. எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். அதிகம் காய்ந்தால் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். வாழையிலையில் எண்ணெய் தடவி அத்தை உட்கார்ந்தபடியே தட்டிக் கொடுக்கலாம், நீங்கள் ஒவ்வொன்றாகப் போடுங்கள். மேலே எழும்பி வந்ததும் ஒரு புரட்டு, நிறம் வந்ததும் எடுத்து இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எண்ணெய் வடியும். அந்த அழுத்தும் வேலைக்கு உங்கள் கணவரை நிறுத்துங்கள். அதற்குக் கைப்பக்குவம் வேண்டாம், கை பலம் போதும்.

தேன்குழலுக்கு இவ்வளவு படபடப்பு இல்லை. அரிசி மாவு 4 பங்கு, வாசனை வர வறுத்து நைசாக அரைத்துச் சலித்த உளுந்து மாவு 1 பங்கு, சீரகம், உப்பு, வெண்ணெய். வெண்ணெயின் அளவுக்கு ஒரு சோதனை உண்டு: மாவில் சேர்த்துப் பிசிறியபின் ஒரு பிடி பிடித்தால் பிடிபட வேண்டும், லேசாகத் தொட்டால் உடைய வேண்டும். வெண்ணெய் மிஞ்சினால் முறுக்கு எண்ணெயிலேயே துண்டு துண்டாகும், குறைந்தால் பல்லுக்கு வேலை. மொத்த மாவையும் ஒரே தடவையில் தண்ணீர் விட்டுப் பிசைந்துவிடாதீர்கள். பிசைந்த மாவு காத்திருந்தால் முறுக்கு சிவந்து எண்ணெய் குடிக்கும். இரண்டு மூன்று ஈடுக்கு ஆகும் அளவு மட்டும் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். நாழியில் மாவை அடைத்து, எண்ணெய் தடவிய ஜல்லிக்கரண்டியின் பின்புறத்திலோ சின்னத் தட்டிலோ பிழிந்து வைத்தால், நீங்கள் எண்ணெயில் தள்ளிவிடலாம். அடுப்பு சமையலறையில், பிழிவது கூடத்தில். பத்து வயதுப் பையனால் நாழி பிழிய முடியும், முதல் ஐந்தாறு கோணலாக வரும், வரட்டும். எண்ணெயில் போட்டதும் சலசலவென்று பொங்கும். அந்தச் சத்தம் அடங்கி, நுரை நின்று, எண்ணெய் தெளிந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்து எடுப்பதைவிடச் சத்தத்தைக் கேட்டு எடுப்பது தப்பாது. ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், தின்னவும் நன்றாக இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். தேன்குழலை எதிர்பார்த்து அதை எடுத்தால் ஏமாற்றம்தான்.

மாலாடு உங்கள் சின்னப் பெண்ணுக்கு. பொட்டுக்கடலையை லேசாகச் சூடு காட்டி அரைத்துச் சலித்த மாவு ஒரு கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், ஏலக்காய், வறுத்த முந்திரி. நெய்யை உருக்கிச் சூடாக நீங்கள் ஊற்றிக் கரண்டியால் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அவளிடம் விடுங்கள். நெய் அரைக் கப் வரை பிடிக்கும், ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். உருண்டை அவள் கை அளவுக்குத்தான் வரும். சோமாசி செய்தால் ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி மூடும் வேலை பிள்ளைகள் இருவருக்கும் பிடிக்கும். ஓரத்தில் தண்ணீர் தொட்டு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், வாய் திறந்தால் பூரணம் கொட்டி எண்ணெய் முழுக்கக் கருகும்.

எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வரக்கூடாது என்பதில் மட்டும் தாட்சண்யம் காட்டாதீர்கள். கால் வலிக்கிறவர் உட்கார்ந்து செய்ய வசதி என்று சில வீடுகளில் அடுப்பைத் தரையில் இறக்கி வைப்பார்கள். ஆறு வயதுக் குழந்தை ஓடும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சட்டியை மூடும் அளவுக்கு ஒரு தட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. கையில் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, இங்க் எதுவும் தடவாதீர்கள்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வார இறுதியில் அதிரச மாவைக் கிளறிவிடுங்கள். சனிக்கிழமை ஒரு காலைப் பொழுது போதும். நடுவில் வரும் நாட்களில் ஒரு நாள் சாயங்காலம் தேன்குழல், இன்னொரு நாள் மாலாடு. இரண்டையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ள வேண்டாம், ஆபீஸிலிருந்து வந்து எண்ணெய் முன்னால் மூன்று மணி நேரம் நிற்பது யாருக்கும் ஆகாது. இரண்டு நாள் முன்னால் லேகியம். முதல் நாள் அதிரசம் சுடுவது. மழைக்காலம் என்பதால் தேன்குழல் முழுக்க ஆறிய பிறகே சம்படத்தில் போட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினாலும் நமுக்கும், ஆறிய பிறகு திறந்து வைத்தாலும் நமுக்கும்.

லேகியத்தைக் கடையில் வாங்கலாம், ஆனால் வீட்டில் கிளறும்போது வரும் வாசனைதான் பிள்ளைகளுக்குத் தீபாவளி வந்துவிட்டதைச் சொல்லும், அதனால் செய்யுங்கள் என்பேன். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், தனியா, சீரகம் எல்லாம் சேர்த்தே நாட்டு மருந்துக் கடையில் தீபாவளி லேகியச் சாமான் என்று பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். லேசாக வறுத்துப் பொடித்துச் சலித்து, இஞ்சிச் சாறும் வெல்லமும் சேர்த்துக் கொதிக்கும்போது தூவி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறினால், சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கலாம். ஆறிய பின் தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததும் வெறும் வயிற்றில் சுண்டைக்காய் அளவு கொடுப்பது வழக்கம். இதில் எது உறுதி, எது நம்பிக்கை என்று கேட்டால்: இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. சாப்பிட்ட அத்தனை பலகாரத்தையும் லேகியம் செரிக்க வைத்துவிடும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை, அதற்கு மேல் நான் உத்தரவாதம் தரமாட்டேன். அத்தைக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, வெல்லப் பலகாரம் என்றால் பரவாயில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். வெல்லமும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும், இதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏதாவது மருந்து தொடர்ந்து சாப்பிடுகிறார் என்றால் லேகியத்தைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

தீபாவளி காலைச் சாப்பாட்டை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் விடிகாலை இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் என்றீர்கள், தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் தீபாவளி என்றாலே அதுதான். இட்லி மாவை முதல் நாள் காலையிலேயே அரைத்துவிடுங்கள். மழைக் குளிரில் புளிக்க நேரம் எடுக்கும், ராத்திரி அரைத்தால் விடிகாலை நான்கு மணிக்குள் பொங்காது. குழம்புக்கு வறுத்து அரைக்கும் மசாலாவை முதல் நாள் சாயங்காலமே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால், காலையில் குக்கர் வேலை மட்டும்தான். நோன்பு அன்றைக்கே வந்தால் கறி எப்போது என்பது வீட்டுக்கு வீடு மாறும். சிலர் நோன்பு முடித்து மறுநாள்தான் எடுப்பார்கள். இது அத்தை சொல்ல வேண்டிய முடிவு, அவரிடமே கேளுங்கள். மதியத்துக்குத் தனியாகச் சமைக்க வேண்டாம். காலைக் குழம்பு, சோறு, ரசம், அப்பளம் போதும். பலகாரம் தின்ற வயிற்றுக்கு அன்று மதியம் பசி இருப்பதில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இந்த வருடம் அத்தை உட்கார்ந்திருப்பதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ஓடியாடிச் செய்யும்போது அவரிடம் அளவு கேட்டால் கிடைக்காது, கை தானாகப் போய்க்கொண்டிருக்கும். இப்போது கேட்கலாம். அவர் ஒரு ஆழாக்கு என்றால் எந்த ஆழாக்கு என்று கேட்டு அதையே எடுத்து வரச் சொல்லுங்கள். படியும் ஆழாக்கும் ஊருக்கு ஊர் மாறும், கடையில் வாங்கிய கப்போடு அது ஒத்துப்போகாது. அவருடைய ஆழாக்கில் அரிசியை நிரப்பித் தராசில் வைத்து கிராம் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கை வெண்ணெய் என்றால் அவர் கையாலேயே எடுக்கச் சொல்லி அதையும் நிறுத்துப் பாருங்கள். பெரிய பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லலாம். பாகுப் பதம் பார்க்கும்போது அவர் விரலையும் கிண்ணத்தையும் கைபேசியில் வீடியோ எடுங்கள், அதை எந்தக் குறிப்பாலும் முழுக்க எழுதிவிட முடியாது. அவருக்கு மனசில் ஒரு தயக்கம் இருக்கும், தன்னால் வேலை தடைப்படுகிறதே என்று. வேலையே தன்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று தெரிந்தால் அது குறையும். ஆர்டர் வாங்க வரும் வீடுகளில் நான் பார்த்தவரை, பலகாரம் வாங்குவதற்குக் காரணம் நேரமின்மை மட்டும் இல்லை. செய்முறை தெரிந்தவர் இருந்தபோது யாரும் கூட நின்று பார்க்கவில்லை என்பதுதான் பாதி வீடுகளில்.

பொரித்து மீந்த எண்ணெய் பற்றி: ஆறியதும் வடிகட்டி ஒரு வாரத்துக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், அடுத்த பலகாரத்துக்கு வைக்காதீர்கள். கறுத்து, கெட்டியாகி, காய்ச்சும்போது நுரைத்தால் அதற்கும் வேண்டாம். உணவுக் கடைகளில் பொரித்த எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கலாம் என்பதற்கு 2018 முதல் சட்டப்படி வரம்பு உண்டு. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை, அதனால் கண்ணும் மூக்கும்தான் கணக்கு. தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும், பாட்டிலில் அடைத்துத் தனியாகப் போடுங்கள்.

அக்கம்பக்கத்துக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க நான்கு வகை போதுமா என்று தயங்க வேண்டாம். இரண்டு அதிரசம், நான்கு தேன்குழல், இரண்டு மாலாடு, கடை மைசூர்பாகு ஒரு துண்டு வைத்தால் தட்டு நிறைந்துவிடும். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமும் மாடி வீட்டுக் கிறிஸ்தவர்களும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கொடுப்பார்கள் என்றீர்கள், அவர்களுக்கு எடுத்து வைத்த பிறகு வீட்டுச் சம்படத்தை நிரப்புங்கள். தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகளின் வேலை.

மாவு கிளறிய அன்றைக்குப் பாகு எந்தப் பதத்தில் வந்தது, வெல்லம் என்ன நிறம், மாவு எவ்வளவு பிடித்தது என்று இங்கேயே எழுதுங்கள். சுடுவதற்கு இரண்டு நாள் இருக்கும், ஏதாவது பிசகியிருந்தாலும் சரிசெய்ய நேரம் உண்டு. மாவைக் கொட்டிவிட மட்டும் வேண்டாம்.